கத்திரிப்பூ நிற நோட்டுகள்

சிறுநாவற்குடி,
6-8-2023

அன்புள்ள அண்ணிக்கு,

அம்சவல்லி எழுதுவது. நானும் உங்கள் அண்ணன் செல்லதுரையும் இரண்டு மாடும் ஒரு கன்றும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே என் அண்ணனுக்குச் சர்க்கரை குறைந்ததா? என் மருமகள் சுடர்விழி பெங்களூரிலிருந்து வந்து போனாளா? போன் அடித்தால், "மீட்டிங்ல இருக்கேன் அம்சா, அப்புறம் பேசறேன்" என்று அண்ணன் வைத்துவிடுகிறார். காகிதத்தை அப்படி வைக்க முடியாது பாருங்கள். அது பாட்டுக்குக் கிடக்கும். என்றைக்காவது யாராவது படித்துத்தான் ஆக வேண்டும்.

பார்சலில் இருப்பது நான் பைண்டு போட்ட நோட்டு. சிரிக்காதீர்கள். திருத்துறைப்பூண்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஹாஃபிஸாவிடம், நடவு இல்லாத நாளில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். பொழுதுபோக்குத்தான். நாலாம் வகுப்போடு நின்றவள் ஐம்பது வயதில் நோட்டுப் புத்தகத்தோடு அலைகிறாள் என்று ஊரே கேலி பேசுகிறது. படித்துக் கிழிக்காத குறையைத் தைத்துத் தீர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அண்ணி, இதைப்போல நாறிய வேலை உலகத்தில் இல்லை. மைதாவைப் பசையாகக் காய்ச்சி ஆறவைத்திருந்தேன். உங்கள் அண்ணன் வயலிலிருந்து வந்தவர் உளுந்தங்கஞ்சி என்று நினைத்து அரைத் தம்ளர் குடித்துவிட்டு, "உப்பு போடலியாடி?" என்கிறார். பூச்சி வராமலிருக்கத் துத்தம் கலப்பதற்கு முன்னால் குடித்ததால் பிழைத்தார். மறுநாள் அந்தப் பசை புளித்து நுரைத்துக் கிடந்தது. பல்லி ஒன்று அதில் குப்புற விழுந்து நாலு காலையும் விரித்துச் செத்திருந்தது. பல்லியை எடுத்துப் போட்டுவிட்டு அதே பசையில் உங்கள் நோட்டை ஒட்டினேன் என்று நினைத்துவிடாதீர்கள். இது வேறு பசை. சத்தியம்.

நிறம் இன்னும் மோசம். பீட்ரூட் போட்டால் சிவப்பு வரும் என்று வீடியோவில் ஒரு பெண் சொன்னாள். சாயங்காலம் சிவப்பாகத்தான் இருந்தது. விடிந்து பார்த்தால் கன்றுக்குட்டி கழிந்த நிறம். உங்களுக்கு அனுப்பியிருப்பது அதுதான்.

தையலின் கடைசி முடிச்சை மட்டும் பாருங்கள். ஹாஃபிஸா போடுவது வேறு. இது நாற்றுக்கட்டுக்கு நான் போடுகிற முடிச்சு. வரப்பிலிருந்து வீசினாலும் அவிழாது, ஒரு இழுப்பு இழுத்தால் அவிழும். பின்னட்டையில் என் முத்திரையும் உண்டு. பெயர், காலனித் தெரு, ஊர் எல்லாம் ரப்பரில் ஹாஃபிஸா செய்து கொடுத்தாள். இனிமேல் நானும் ஒரு கம்பெனி.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் நாத்தனார்,
அம்சவல்லி


தஞ்சாவூர்,
21-8-2023

அன்புள்ள அம்சவல்லிக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன். அண்ணன் செல்லதுரை வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே? கவனமாக இருக்கச் சொல்.

நோட்டு கிடைத்தது. உன் முயற்சிக்குப் பாராட்டுகள். ஹாலில் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் கமலாம்பாள் அம்மா வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எங்கயோ எலி செத்திருக்கு, பாருங்க" என்றார். அதனால் பால்கனிக்கு மாற்றிவிட்டேன். தவறாக நினைக்காதே.

ஒரு விசேஷம் வருகிறது. விவரம் பிறகு எழுதுகிறேன். விருந்தினருக்குத் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்கக் கையடக்கமாக முந்நூறு நோட்டு வேண்டும். கையால் செய்ததுதான் இப்போது மதிப்பு என்கிறார்கள். லாவெண்டர் நிறம். மண் நிறம், சாண நிறம் வேண்டாம். வாடை வரக்கூடாது. பின்னால் முத்திரையும் வேண்டாம்.

உன் அண்ணன் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
அனுசுயா


சிறுநாவற்குடி,
3-9-2023

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அண்ணனின் வயிறு மைதாவுக்குப் பழகிவிட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கமலாம்பாள் அம்மாவின் மூக்கு நலமா? அந்த மூக்குக்கு என் தனி வணக்கத்தைச் சொல்லுங்கள்.

லாவெண்டர் என்றால் என்ன என்று இரண்டு நாள் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். ஹாஃபிஸாதான், "கத்திரிப்பூ கலர் அக்கா" என்றாள். அதை முதலிலேயே சொன்னால் என்ன அண்ணி? கொல்லையில் கத்திரிச் செடி பூத்துக் கிடக்கிறது, அதைப் பார்க்காமல் லாவெண்டரைத் தேடி அலைகிறேன்.

சங்குப்பூவை ஊறவைத்து எலுமிச்சம்பழம் பிழிந்தால் அந்த நிறம் வருகிறது. வரும்போது அழகு. துணியை அதில் ஊறப்போட்டு ஒரு நாள் மறந்துவிட்டேன். வந்த நாற்றத்தில் தெருநாய் எங்கள் வாசலை விட்டு எதிர்ச்சாரிக்குப் போய்ப் படுத்தது. கையெல்லாம் நீலம் பாரித்து, வயலுக்குப் போனால், "பாம்பு கடிச்சிருச்சா அம்சா?" என்று கேட்கிறார்கள். கடைசியில் கடைச்சாயம் கொஞ்சம் கலந்தேன். கொஞ்சம்தான்.

மாதிரிக்கு ஒரு நோட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அது கிடக்கட்டும். விசேஷம் என்றால் என்ன விசேஷம்? முந்நூறு பேருக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுப்பது அண்ணனுக்குச் சர்க்கரை குறைந்ததற்கா? என் மருமகள் கல்யாணம்தானே! தேதி சொல்லுங்கள். அத்தை சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்காமல் நம் வீட்டில் எந்தப் பெண்ணும் மணவறை ஏறியதில்லை. உங்கள் கல்யாணத்தில் உங்கள் அத்தை தட்டோடு தடுக்கி விழுந்து, தேங்காய் உருண்டு போய் அண்ணன் காலில் முட்டியதே, நினைவிருக்கிறதா? நான் விழமாட்டேன். இப்போதே தலையில் நாற்றுக்கட்டை வைத்து நடந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முத்திரை வேண்டாமென்றால் எப்படி? மாட்டுக்கே காதில் நம்பர் போட்டுக் கம்மல் மாட்டுகிறார்கள். உங்களுக்காகச் சின்னதாகக் குத்துகிறேன்.

தேதியை எழுதவும்.

அம்சவல்லி


தஞ்சாவூர்,
25-9-2023

அன்புள்ள அம்சவல்லிக்கு,

நலம். நலமே விழைகிறேன்.

நீ ஊகித்தது சரி. பையன், சுடர்விழியே தேர்ந்தெடுத்தவன். பெயர் பரிதி. அவளோடு வேலை பார்க்கிறான். அவர்கள் வேறு ஆட்கள். நாம் எந்தத் தெரு என்பது பரிதிக்கும் அவன் அப்பா அம்மாவுக்கும் தெரியும். பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்கள். அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்பது அவர்கள் விருப்பம். பெண்ணின் வாழ்க்கை, நாமும் அனுசரித்துத்தான் போக வேண்டும். உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தேதி இன்னும் முடிவாகவில்லை. மாதிரி நோட்டு கிடைத்தது, நிறம் சரியாக இருக்கிறது. எல்லாம் முடிந்ததும் நீ சுமந்துகொண்டு வர வேண்டாம். பஸ் பார்சலில் போட்டுவிடு. உனக்கு எதற்கு அலைச்சல்?

அனுசுயா


சிறுநாவற்குடி,
19-11-2023

அன்புள்ள அண்ணிக்கு,

மழையில் ஊறிப்போன அம்சவல்லி எழுதுவது. எங்களுக்குச் சளி, மாட்டுக்குக் காணை, மற்றபடி சுகம். உங்கள் பக்கம் வடிகிறதா? இங்கே சம்பா நட்ட வயல் ஏரியாகக் கிடக்கிறது.

முந்நூறும் முடிந்தது. எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள், கேட்டால் தொடமாட்டீர்கள். வெயில் இல்லை. வீட்டுக்குள் கயிறு கட்டி அட்டைகளைக் காயப்போட்டேன். பத்து நாள் அதற்குக் கீழேதான் தூங்கினோம். உங்கள் அண்ணன் நெற்றியில் சொட்டுச் சொட்டாகக் கத்திரிப்பூ நிறம். பாதி அட்டையில் பூசணம் பூத்துப் பூனை முடி மாதிரி நின்றது. துடைத்தால் கையோடு வழவழவென்று வருகிறது, வயிற்றைக் குமட்டும். ஒரு கட்டைப் பிரித்தால் உள்ளே பூரான் குடும்பம் நடத்துகிறது. அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்தேன். இப்போது அனுப்பியிருப்பதை முகர்ந்து பாருங்கள். கமலாம்பாள் அம்மாவையும் முகரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கிராம்பு வைத்துக் கட்டியிருக்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கதி எழுதியிருந்தீர்கள். தெரிய வேண்டாமென்றால் போகிறது. என் நெற்றியில் தெருப்பெயரை எழுதியா ஒட்டியிருக்கிறது? நான் அங்கே வந்து வாயே திறக்கமாட்டேன். (இதை எழுதும்போது பக்கத்தில் ஒருவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.) யாராவது ஊர் கேட்டால் திருத்துறைப்பூண்டி என்று மட்டும் சொல்வேன். அது பெரிய ஊர், எத்தனையோ தெரு இருக்கிறது.

சீர்த்தட்டுக்கு வேண்டியது எல்லாம் வாங்கியாயிற்று. கண்ணாடி, சீப்பு, வளையல், மஞ்சள் நிறத்தில் ஒரு புடவை. சுடருக்கு மஞ்சள் எடுக்கும். தேதி மட்டும்தான் பாக்கி.

அம்சவல்லி


சிறுநாவற்குடி,
17-12-2023

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நோட்டு வந்து சேர்ந்ததா? பார்சல் ஆபீசில் கேட்டால் அன்றைக்கே வாங்கிவிட்டார்கள் என்கிறார்கள். மூன்று தடவை போன் போட்டேன். அண்ணனுக்கு மீட்டிங். உங்களுக்கு என்ன மீட்டிங் என்று தெரியவில்லை.

மார்கழியில் எப்படியும் முகூர்த்தம் இல்லை. தையில் எந்தத் தேதி என்று ஒரு வரி போட்டால் போதும்.

அம்சவல்லி


சிறுநாவற்குடி,
மாட்டுப் பொங்கல், 16-1-2024

அண்ணிக்கு,

பொங்கல் வாழ்த்துகள். மாடுகளுக்குக் கொம்பில் மீந்த சாயத்தைத்தான் அடித்தேன். தெருவிலேயே எங்கள் மாடு இரண்டும்தான் கத்திரிப்பூ நிறம். கல்யாண வீட்டு மாடு மாதிரி இருக்கிறது.

கதிர் சாய்ந்துவிட்டது, அறுப்பு மெஷின் சொல்லியாயிற்று. அறுப்பு அன்றைக்குக் கல்யாணம் வந்தால் உங்கள் அண்ணனை வயலில் விட்டுவிட்டு நான் மட்டும் வருவேன்.

தேதி?

அம்சவல்லி


தஞ்சாவூர்,
14-2-2024

அன்புள்ள அம்சவல்லிக்கு,

நலம்தானே? வேலை மிகுதியால் உடனுக்குடன் எழுத முடியவில்லை.

சுடர்விழியின் திருமணம் இறைவன் அருளால் நல்லபடியாக முடிந்தது. எல்லாம் திடீரென்று முடிவானது. எளிமையாக, வீட்டு ஆட்கள் மட்டும் கூடிச் செய்தோம். யாரையுமே அழைக்க அவகாசமில்லை. அறுப்பு நேரத்தில் உன்னைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று உன் அண்ணனும் சொன்னார். நோட்டுகளை எல்லோரும் பாராட்டினார்கள்.

இத்துடன் ஒரு பட்டுப்புடவை அனுப்பியிருக்கிறேன். உனக்கென்றே எடுத்தது. கட்டிக்கொள்.

அனுசுயா


சிறுநாவற்குடி,
18-2-2024

அண்ணிக்கு,

நலம். புடவை வந்தது. உங்கள் கடிதத்துக்கு ஒரு வாரம் முன்பே வேறொன்றும் வந்துவிட்டது. அதைச் சொல்கிறேன்.

ஹாஃபிஸா ஒரு தாம்பூலப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அம்சாக்கா, எங்க வீட்டுக்காரரோட கூடப் படிச்ச பையனுக்குக் கல்யாணம்னு தஞ்சாவூர் போயிருந்தோம். பையைப் பஸ்ஸுலதான் பிரிச்சேன். நோட்டைப் பார்த்ததும் திக்குனு ஆயிருச்சு. இது உங்க அண்ணன் பொண்ணு கல்யாணமாக்கா? நீங்க ஏன் வரலை?"

வெற்றிலை பாக்கு, ஒரு தேங்காய், நான் போட்ட நாற்று முடிச்சு. என் கை ஒட்டிய நோட்டு எனக்கே தாம்பூலமாக வந்திருக்கிறது அண்ணி. என் முத்திரையின் மேல் தங்க நிறத்தில் ஸ்டிக்கர், 'வருகைக்கு நன்றி' என்று. வந்தவர்களுக்குச் சரி.

வீட்டு ஆட்கள் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹாஃபிஸா சாப்பிட்டது மூன்றாவது பந்தியாம்.

"அத்தை சீரெல்லாம் அமர்க்களம்கா. ஒரு பெரியம்மா, பட்டுப்புடவை, வைர மூக்குத்தி, தட்டைத் தூக்கிட்டு வந்தாங்க. மைக்குல, 'மணமகளின் அத்தை திருமதி கமலாம்பாள்'னு சொன்னாங்க. உங்க அக்காவா அவங்க?" என்று கேட்டாள்.

இல்லை, பக்கத்து வீட்டு மூக்கு என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

கூப்பிடவில்லை என்பதுகூட எனக்குப் பெரிதில்லை அண்ணி. "வராதே அம்சா, வந்தால் கெட்டுப்போகும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் சீர்த்தட்டைப் பரணில் ஏற்றிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். என் இடத்தில் ஆள் போட்டீர்களே! என் பசையை எலி செத்த நாற்றம் என்ற மூக்குக்கு என் தட்டைத் தூக்கிக் கொடுத்தீர்களே! அதைப் பார்த்துக்கொண்டு என் அண்ணன் அந்த மேடையில்தானே நின்றார்? பல்லி செத்த பசையில் நான் கையை விட்டிருக்கிறேன். பூசணத்தை நகத்தால் சுரண்டியிருக்கிறேன். குமட்டியதே தவிர அருவருப்பு வந்ததில்லை. கழுவினால் போய்விடும். அந்தத் தாம்பூலப் பையைத்தான் தொட முடியவில்லை. தேங்காயை மாட்டுக்கு உடைத்துப் போட்டேன். மாடும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது.

புடவை நல்ல கத்திரிப்பூ நிறம். கமலாம்பாள் அம்மா கட்டியிருந்ததும் இதே மாதிரிதான் என்றாள் ஹாஃபிஸா. இருக்கட்டும், எனக்கு ஒரு வேலைக்கு ஆகும்.

அண்ணனுக்குச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அம்சவல்லி


பெங்களூர்,
3-3-2024

அன்புள்ள அத்தைக்கு,

சுடர் எழுதுகிறேன். உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? மாமாவுக்கு ஒட்டவில்லையே?

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் உங்களுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று அம்மா சொன்னாள். அம்மை போட்ட வீட்டுக்குப் போகக் கூடாது, போன்கூடப் பண்ணக் கூடாது, விசாரித்தாலே கோபம் வரும் என்றாள். அதனால்தான் நான் கூப்பிடவில்லை. சீருக்கு நீங்களே கமலாம்பாள் ஆன்ட்டியை நிற்கச் சொன்னதாகவும் சொன்னாள். மேடையில் நிற்கும்போது உங்களைத்தான் நினைத்தேன்.

உங்கள் நோட்டு இரண்டு என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து கிழித்த தாளில்தான் எழுதுகிறேன், திட்டாதீர்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார்களா? பரிதி உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
சுடர்விழி


சிறுநாவற்குடி,
10-3-2024

அன்புள்ள சுடருக்கு,

அத்தை எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா? சமையல் யார்? மாப்பிள்ளை என்றால் அவருக்கு என் கூடுதல் அன்பு.

எனக்கு அம்மை போடவில்லை. சளிகூட மழையோடு போய்விட்டது. நீ தாலி கட்டிக்கொண்ட அன்றைக்கு நான் வரப்பில் உட்கார்ந்து அறுப்பு மெஷின்காரனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். கமலாம்பாள் அம்மாவை நான் கண்ணால் பார்த்ததில்லை. அவருடைய மூக்கைப் பற்றித்தான் கேள்வி.

எதற்காக இப்படிச் செய்தார்கள் என்பதை உன் அம்மாவிடம் கேட்காதே, உன்னிடமே கேட்டுப் பார். நீ இன்ஜினியர். அம்மை போன் வழியாக ஒட்டாது என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் போன் போடாமல் இருந்தாயா, இல்லை, நம்பிக்கொள்வது சௌகரியமாக இருந்ததா? பதில் எழுத வேண்டாம். நினைத்துப் பார், போதும். கல்யாணப் பெண்ணுக்கு ஆயிரம் வேலை. இதை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. அழுகின பசையைக் கிளறுவது மாதிரி இருக்கிறது.

ஆனால் அத்தை சீர் பாக்கி நிற்கக் கூடாது. அதனால் இந்தப் பெட்டி. மேலே மஞ்சள் புடவை, கண்ணாடி, சீப்பு, வளையல். அது உனக்கு. கீழே கட்டாக இருப்பது நோட்டுகள். உன் அம்மா எனக்கு ஒரு பட்டுப்புடவை அனுப்பினாள். விரித்து வைத்துக் கத்தரிக்கோலை ஓட்டினேன். உன் மாமா, "அடி பாவி, பட்டுடி!" என்று கூவினார். இப்படி ஒரு கத்திரிப்பூ நிறம் நான் எத்தனை சங்குப்பூ பிழிந்தும் வந்ததில்லை. உடம்பெல்லாம் அட்டைக்கு, சரிகை முதுகுக்கு. பட்டில் பசை நன்றாகப் பிடிக்கிறது.

எல்லாவற்றின் பின்னாலும் முத்திரை குத்தியிருக்கிறேன், இந்தத் தடவை பெரிதாக. அம்சவல்லி, காலனித் தெரு, சிறுநாவற்குடி. மேலே ஸ்டிக்கர் ஒட்டினால் நிற்காது. ஒட்டிப் பார்த்துவிட்டேன், சாயங்காலத்துக்குள் உரிந்து விழுகிறது.

மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடு. என் அத்தை செய்தது என்று சொல்லிக் கொடு. முடியாதென்றால் வருத்தமில்லை, கட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிடு. புடவையை மட்டும் வைத்துக்கொள். நாற்று முடிச்சுதான் போட்டிருக்கிறேன். ஒரு தடவை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினால் எனக்குத் தெரியும்.

உன் அத்தை,
அம்சவல்லி


தஞ்சாவூர்,
22-4-2024

அம்சவல்லி,

நீ செய்தது நியாயமா என்று உன் மனசாட்சியைக் கேட்டுக்கொள். இவ்வளவு அருவருப்பான காரியத்தை உன்னிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை.

பரிதியின் அக்கா மகனுக்குக் காதுகுத்து. பந்தி முடிகிற நேரத்தில் சுடர்விழி அந்த நோட்டுக் கட்டை எடுத்து வந்து எல்லோருக்கும் எதிரில் இழுத்து அவிழ்த்திருக்கிறாள். "எங்க அத்தை சீர், லேட்டா வந்திருக்கு" என்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்திருக்கிறாள். மஞ்சள் நிறத்தில் ஒரு சாதாரணப் புடவை வேறு கட்டியிருந்தாள். பரிதியும் கூடவே நின்றிருக்கிறான். அவன் பெரியப்பா பின்னட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, நோட்டை இலையிலேயே போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார். அவரோடு இன்னும் சிலர். மாமியார் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாளாம். உன் அண்ணன் ஒரு வாரமாக மீட்டிங்குக்குக்கூடப் போகவில்லை. கமலாம்பாள் அம்மா எங்களோடு பேசுவதில்லை.

இதெல்லாம் போதாதென்று இப்போது பரிதியின் அப்பா தினமும் போன் செய்கிறார். இனி மறைக்க என்ன இருக்கிறது, முறைப்படி அத்தையை அழைத்து விருந்து வைக்க வேண்டும், அம்மை இறங்கிவிட்டதா, தலைக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை நாளாகிறது என்று கேட்கிறார். அவரிடமும் நாங்கள் அம்மை என்றுதான் சொல்லியிருக்கிறோம். நாளைக்கு உன்னைக் கேட்டாலும் எங்களைக் கேட்டாலும் ஒரே பதில் வர வேண்டும்.

அம்மை இறங்கியதற்கு நீயே ஒரு தேதி பார்த்து எழுது.

அனுசுயா